நம் கிணற்றுக்குக் கீழே கடல்: வீட்டுத் தண்ணீர்ச் சிக்கனம் பற்றி ஒரு பாடம்



தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று ஜும்ஆ பயானில் கேட்கிறோம். பள்ளிக்கூடச் சுவரில் படிக்கிறோம். தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, குழாயைத் திறந்துவிட்டபடியே பல் தேய்க்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். தண்ணீரை மிச்சப்படுத்தினால் கரண்டு பில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டு போர் உப்பான பிறகுதான், ராமநாதபுரம் கடற்கரையில் குடியிருக்கிற நாம் இந்தப் பாடத்தைத் தனியாகப் படிக்க வேண்டும் என்று விளங்கியது. உள்நாட்டு ஊர்களில் தண்ணீரை அளவுக்கு மீறி எடுத்தால் கிணறு வற்றும். மழை பெய்தால் மறுபடி ஊறும். நம் ஊரில் கிணறு வற்றுவதில்லை, உப்பாகிவிடுகிறது. உப்பான கிணறு ஒரு மழையில் திரும்பி வருவதில்லை.

இது ஏன் என்று முதலில் பார்ப்போம். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி அளவு தண்ணீர் எடுத்து, இரண்டு கரண்டி உப்பைக் கரைத்து, அடையாளத்துக்குக் கொஞ்சம் கேசரிப் பவுடர் போடுங்கள். இனி ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றுங்கள். பதறாமல் ஊற்றினால் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரோடு கலக்காமல் மேலே தனியாக நிற்கும். உப்புத் தண்ணீர் கனமானது, நல்ல தண்ணீர் லேசானது. அதனால்தான். இப்போது ஓர் உறிஞ்சு குழாயை மேல் மட்டத்தில் வைத்து மெதுவாக உறிஞ்சுங்கள். வெறும் தண்ணீர்தான் வரும். குழாயை ஆழமாக இறக்கி வேகமாக உறிஞ்சினால் நிறமும் உப்பும் சேர்ந்து வரும்.

நம் ஊர் மணலுக்குள் நடப்பதும் இதுதான். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, உள்ளே புகுந்திருக்கும் கடல் தண்ணீரின் மேல் ஒரு மெல்லிய படலமாக மிதக்கிறது. தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே கையால் மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்தப் பள்ளத்தை இன்னும் ஆழமாகத் தோண்டினால் என்ன ஆகும் என்று அங்குள்ளவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே தோண்ட மாட்டார்கள்.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹாலந்து நாட்டுப் பொறியாளர் ஒருவரும், அவருக்குப் பின் ஜெர்மனியர் ஒருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்த விதி இது. நல்ல செய்திதானே என்று தோன்றும். திருப்பிப் பாருங்கள்: நாம் இறைத்து இறைத்து அந்த மட்டத்தை 1 அடி குறைத்தால், கீழேயிருக்கும் உப்பு 40 அடி வரை மேலே வரும். உடனே வந்துவிடாது; மெல்ல மெல்ல, நமக்குத் தெரியாமல் வரும். மோட்டார் போட்டு ஒரே இடத்தில் உறிஞ்சினால் அந்த இடத்துக்கு நேர் கீழே உப்பு கூம்பு மாதிரி எழும்பும். பூமிக்குள் காம்பவுண்டுச் சுவர் கிடையாது. என் வீட்டு மோட்டாருக்காக எழும்பிய உப்பு பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போகும்.

எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. வாப்பா காலத்தில் எங்களுக்கு 18 அடிக் கிணறு. உம்மா கப்பியில் வாளி விட்டு இறைப்பார்கள். கை வலிக்கும், ஆகவே எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் இறைப்பார்கள். வீட்டை இடித்து மாடி கட்டியபோது கிணற்றை மூடிவிட்டு 110 அடிக்கு போர் போட்டோம். சுவிட்சைத் தட்டினால் ஆயிரம் லிட்டர் டேங்க் நிறைந்துவிடும். நிறைந்து வழியும், யாராவது சத்தம் கேட்டு ஓடிப்போய் நிறுத்துவார்கள். இரண்டு கோடை நன்றாகப் போனது. மூன்றாம் கோடையில் சோப்பு நுரைக்கவில்லை. அதே வருஷம் பக்கத்து வீட்டு மாமியின் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. தெருவில் பாதிப் பேர் குடிக்க நல்ல தண்ணீர் எடுத்த கிணறு அது. கணவரை இழந்து தனியாக இருக்கிற அந்த மாமி, தள்ளுவண்டியில் வருகிற குடத்துத் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க ஆரம்பித்தார்கள். எங்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மோட்டார் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது, சுற்றிலும் இன்னும் நாலு போர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த நாலில் ஒருவரும் இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்.

தண்ணீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மக்கள் எல்லோரும் பங்காளிகள் என்ற கருத்தில் வரும் நபிமொழியை நாம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அது பாலைவனத்துக் கிணற்றைப் பற்றியது என்று நினைத்திருந்தேன். எங்கள் தெருவுக்கும் அது பொருந்தும் என்று அப்போதுதான் உறைத்தது.

முதலில் அளந்து பாருங்கள்

சிக்கனம் என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் ஏறாது. ஒரு லிட்டர் ஜக்கும், ஒரு வாளியும், கையில் கடிகாரமும் இருந்தால் போதும். குழாயை வழக்கமாகத் திறக்கிற அளவுக்குத் திறந்து, ஜக் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 10 விநாடி என்றால் நிமிடத்துக்கு 6 லிட்டர். பிறகு, குழாய்க்குக் கீழே வாளியை வைத்து, எப்போதும் செய்கிற மாதிரி ஒளு செய்யுங்கள். வாளியில் விழுந்ததை ஜக்கால் அளந்து கொட்டுங்கள்.

எனக்கு 9 லிட்டர் வந்தது. ஒன்பது! கையைத் தேய்க்கும்போதும், தலைக்கு மஸஹு செய்யும்போதும், சட்டைக் கையைச் சுருட்டும்போதும் குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் ஐந்து பேர், வக்துக்கு ஒரு ஒளு என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 25 ஒளு. 225 லிட்டர். மாதத்துக்கு 6,750 லிட்டர். நாம் குடிக்கவும் சமைக்கவும் செலவழிப்பதைவிட இது எத்தனையோ மடங்கு.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத் அளவு தண்ணீரில் ஒளு செய்வார்கள் என்றும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத் வரையிலான தண்ணீரில் குளிப்பார்கள் என்றும் அனஸ் (ரலி) அறிவிப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. ஒரு முத் என்பது நடுத்தர ஆள் ஒருவர் இரண்டு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. இன்றைய கணக்கில் சுமார் முக்கால் லிட்டர். ஹனஃபி மத்ஹபின் கணக்கில் சற்றுக் கூடும். ஓடும் ஆற்றில் ஒளு செய்தாலும் வீண் விரயம் கூடாது என்ற அறிவிப்பைத்தான் பயான்களில் அதிகம் சொல்கிறார்கள். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. எனக்கு முத் ஹதீஸே போதுமானதாக இருக்கிறது. அதில் அளவு இருக்கிறது, அளந்து பார்க்கலாம்.

அளந்தும் பார்த்தேன். முதல் நாள் முக்கால் லிட்டரில் முடியவில்லை, கால் கழுவத் தண்ணீர் போதவில்லை. ஒரு லிட்டர் கெண்டியில் மூன்றாம் நாள் முடிந்தது. எல்லோரும் கெண்டிக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. குழாயை விரல் பருமனுக்குத் திறக்காமல் ஈர்க்குச்சி பருமனுக்குத் திறந்து, ஒவ்வோர் உறுப்புக்கும் இடையில் மூடினால் 2 லிட்டரில் தாராளமாக முடியும். மாதத்துக்கு 5,250 லிட்டர் மிச்சம். ஒரு சிறிய டேங்கர் லாரி அளவு.

பள்ளிவாசலில் பழைய ஹவுள் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. அள்ளி ஊற்றினோம், கை எவ்வளவு அள்ளியதோ அவ்வளவுதான் செலவு. ஹவுளை எடுத்துவிட்டு வரிசையாகக் குழாய் வைத்த பள்ளிகள், திருகு குழாயை மாற்றி, அமுக்கினால் கொஞ்ச நேரம் வந்து தானே நிற்கும் குழாய் வைக்கலாம். இன்னொன்று, ஒளுத் தண்ணீரில் சோப்பு கிடையாது. வீட்டில் கழிகிற எந்தத் தண்ணீரையும்விட அது சுத்தமானது. அதைச் சாக்கடையில் விடுவது எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு வாய்க்கால் வெட்டினால் பள்ளிவாசல் தென்னை மரங்களுக்குப் போய்விடும். ஜமாஅத் நிர்வாகிகள் இதை யோசிக்க வேண்டும்.

வீட்டுக்குள்

சொட்டுகிற குழாயைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அடியில் ஒரு டம்ளரை வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 200 மில்லி டம்ளர் நிறைந்திருந்தால் நாளைக்கு 4.8 லிட்டர், மாதத்துக்கு 144 லிட்டர். வாஷர் மாற்ற ஆகிற செலவு ஒரு டீக் காசு.

கண்ணுக்குத் தெரியாமல் போவது கக்கூஸ் ஃப்ளஷ் டேங்கில். ரப்பர் தேய்ந்தால் சத்தமில்லாமல் ராத்திரி பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். இரவு படுக்கும்போது டேங்கின் மூடியைத் திறந்து கொஞ்சம் கேசரிப் பவுடரோ காபி டிகாஷனோ ஊற்றிவிட்டு, அரை மணி நேரம் யாரும் தட்டாமல் பாருங்கள். கீழே நிறம் இறங்கியிருந்தால் ஒழுகுகிறது. பழைய டேங்குகள் ஒரு தடவைக்கு 10 லிட்டர் அளவுக்குக் கொட்டும். ஒரு லிட்டர் பாட்டிலில் மணலும் தண்ணீரும் நிரப்பி, மூடியை இறுக்கி உள்ளே நிறுத்தினால் தடவைக்கு ஒரு லிட்டர் குறையும். செங்கல்லைப் போடாதீர்கள், கரைந்து ரப்பரில் அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது ஆர்.ஓ. மெஷின். இப்போது நம் ஊரில் அது இல்லாத வீடு குறைவு. பெரும்பாலான வீட்டு மெஷின்கள் 4 லிட்டர் உள்ளே இழுத்தால் சுமார் 1 லிட்டர்தான் குடிக்கத் தரும். மிச்சம் 3 லிட்டர் அந்தச் சின்னக் குழாய் வழியாகக் கழிகிறது. அதன் அடியில் ஒரு வாளி வையுங்கள். வீடு துடைக்க, கக்கூஸுக்கு ஊற்ற, முதல் அலசலுக்கு அது உதவும். செடிக்கு மட்டும் ஊற்றாதீர்கள். வெளியூர்ப் பத்திரிகைகளில் ஊற்றலாம் என்று எழுதுவார்கள், அவர்கள் ஊர்த் தண்ணீருக்கு அது சரியாக இருக்கலாம். நம் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு. மெஷின் அந்த உப்பை எல்லாம் திரட்டி அந்த 3 லிட்டரில்தான் தள்ளுகிறது. என் லாத்தா வீட்டில் கறிவேப்பிலைக் கன்று அப்படித்தான் கருகியது.

ஏ.சி.யில் வடிகிற தண்ணீர் அதற்கு நேர்மாறு. காற்றிலிருந்து குளிர்ந்து வடிவதால் அதில் உப்பு கிடையாது. குடிக்க ஆகாது, தொட்டிச் செடிக்கு உத்தமம். அரிசி, பருப்பு களைந்த தண்ணீர் பற்றி நம் பெண்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடு இருந்த காலத்தில் ஒரு சொட்டு வீணானதில்லை.

போர் இன்னும் நன்றாக இருக்கிற வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். மோட்டாரை ஒரே மூச்சில் ஓட்டாமல் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் எனப் பிரித்து ஓட்டுங்கள். இடையில் மட்டம் ஏற அவகாசம் கிடைக்கும், உப்புக் கூம்பு எழும்புவது குறையும். டேங்க் நிறைந்தால் மணி அடிக்கிற அலாரம் எலக்ட்ரிக் கடையில் கிடைக்கிறது. உப்பு தட்டினால் போரை இன்னும் ஆழப்படுத்தலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மேலே டம்ளரில் பார்த்தோமே, ஆழத்தில் என்ன இருக்கிறது என்று.

தோட்டத்தில்

நம் மணல் தரையில் குழாயை வைத்துப் பாய்ச்சினால் தண்ணீர் வேரில் நிற்காது, இறங்கி ஓடிவிடும். மணலுக்கு மேலே மூடாக்கு வேண்டும். தென்னைக்குச் சுற்றிலும் வட்டமாகப் பள்ளம் பறித்து, தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலாகப் பார்த்து அடுக்கி, மேலே மண் போட்டு மூடுவது நம் பெரியவர்களின் வழக்கம். மட்டை தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருந்து மெல்ல விடும். செடிகளுக்குக் காய்ந்த ஓலை, சருகு எது கிடைத்தாலும் நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். வாசலைச் சுத்தமாகப் பெருக்கிச் சருகை எரிப்பதைச் சிலர் சுத்தம் என்று நினைக்கிறார்கள். அந்தச் சருகு செடிக்குப் போர்வை.

காய்கறிக்கும் சின்னக் கன்றுகளுக்கும் பானைதான் நல்லது. மெருகு போடாத மண் பானையைக் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, ஒரு மூடி போட்டுவிடுங்கள். பானைச் சுவர் வழியாகக் கசிந்து, வேருக்கு வேண்டிய அளவுதான் போகும். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை நிரப்பினால் போதும். மேல் மண் காய்ந்தே இருப்பதால் களையும் குறைவு. குழாய் வைத்துத்தான் ஊற்றுவேன் என்பவர்கள் வெயில் தாழ்ந்த பிறகாவது ஊற்றுங்கள்.

குளியலறைத் தண்ணீரை வாழைக்கும் சேம்புக்கும் கல்வாழைக்கும் விடலாம். வாஷிங் மெஷினின் முதல் தண்ணீரில் சோப்புத்தூள் அதிகம், அது மண்ணைக் கெடுக்கும். கடைசி அலசல் தண்ணீர் பரவாயில்லை. கீரைக்கு இரண்டுமே வேண்டாம். புதிதாக வைக்கிறவர்கள் புல்தரையை விட்டுவிட்டு முருங்கை, சப்போட்டா போன்று கொஞ்சம் உப்பைத் தாங்குகிறவற்றை வையுங்கள். டைல்ஸ் ஒட்டின முற்றத்தில் விழுகிற மழை முழுக்கத் தெருவுக்குப் போகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழையைத் திருப்பிக் கொடுப்பது

இதுவரை சொன்னது எடுப்பதைக் குறைக்க. உப்பைக் கீழே தள்ளுவதற்கு மேலேயிருந்து நல்ல தண்ணீர் இறங்க வேண்டும், வேறு வழி இல்லை. 2003-ஆம் ஆண்டில் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அப்போது அவசரத்துக்குக் குழாய் மாட்டினோம், குழி வெட்டினோம். பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுக் குழாயில் அணில் கூடு கட்டியிருந்தது. குழி இருந்த இடத்தில் பைக் நிற்கிறது.

கணக்கு இப்படி. 1 சதுர மீட்டர் இடத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். நம் மாவட்டத்தில் வருஷ மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர், அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்துவிடும். மொத்தம் 74,000 லிட்டர். தெறித்ததும் ஆவியானதும் போக, அறுபதாயிரத்துக்குக் குறையாது. 12,000 லிட்டர் லாரி ஐந்து நம் மாடியில் வந்து கொட்டிவிட்டுப் போகிறது, நாம் அதைத் தெருச் சாக்கடைக்கு அனுப்புகிறோம்.

திறந்த கிணறு இருக்கிற வீடுகளுக்கு வேலை சுலபம். மாடிக் குழாயை ஒரு சின்னத் தொட்டியில் விட்டு, அதில் ஜல்லி, கூழாங்கல், மேலே மணல் என அடுக்கி, அங்கிருந்து கிணற்றுக்கு விட வேண்டும். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள், மாடித் தூசும் காக்கை எச்சமும் அதில்தான் போகும். வருஷம் ஒரு முறை, புரட்டாசி முடிவதற்குள், மேல் மணலை எடுத்து அலசிப் போட வேண்டும். கிணறு இல்லாதவர்கள் மாடிக் குழாய் இறங்குகிற இடத்தில் 3 அடி நீள அகலம், 5 அடி ஆழத்தில் குழி வெட்டி, ஜல்லி நிரப்பி, மேலே மணல் போட்டால் போதும். சாக்கடைத் தொட்டியிலிருந்து முடிந்தவரை தள்ளி வெட்டுங்கள். மூடிய பழைய கிணற்றைக் குப்பைக்குழி ஆக்கியவர்கள் தயவுசெய்து தூர்வாரிக் கொடுங்கள். ஊருணிகளைத் தூர்த்துக் கடை கட்டிய பிறகு மழை உள்ளே இறங்க நம் தெருக்களில் மிச்சமிருக்கிற வாசல் அந்தக் கிணறுகள்தான்.

நாங்கள் போரை நிறுத்தி, மூடிய கிணற்றைத் திறந்து தூர்வாரினோம். மாடியின் ஒரு பாதித் தண்ணீரை எங்கள் கிணற்றுக்கும், மறுபாதியை மாமியின் கிணற்றுக்கும் விட்டோம். குழாய் கொண்டு போகச் சுவரில் ஓட்டை போட வேண்டும் என்று கேட்கப் போனபோது, “போட்டுக்கங்க தம்பி, கேக்கணுமா?” என்றார்கள். முதல் மழைக்காலத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாம் மழைக்குப் பிறகு சோப்பு நுரைத்தது. தெருவில் இன்னும் மூன்று வீட்டார் குழாயைத் திருப்பிவிட்டார்கள், இரண்டு வீட்டார் செய்கிறோம் என்றிருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், இந்த வருஷம் மாசி வரை மாமியின் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வெந்தது. பங்குனி பிறந்ததும் மறுபடி குடத்துத் தண்ணீர் வாங்குகிறார்கள்.